ஒரு வருஷம் குந்து

திருமுல்லைவாயில்,
9 ஜூலை 2024

அன்புள்ள கலைவாணி அக்காவுக்கு,

மாடியில் இருந்துகொண்டு கீழ்வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறவள் இந்தத் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேறு என்ன செய்வது? போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் உங்கள் படமே தெரியவில்லை. படியிறங்கி வந்து கதவைத் தட்டினால் உள்ளே டி.வி. சத்தம் கூடுகிறது. அதனால் இதை கேட்டில் தொங்கும் உங்கள் பால் பையில் போடுகிறேன். காலையில் பால் எடுக்கும்போது கைக்கு வந்துதான் ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமை நடந்ததை நான் வேண்டுமென்று செய்யவில்லை. பிள்ளைகளுக்குச் சத்துணவு பரிமாறும் முன் பெற்றோர் கழகத் தலைவர் போய் ஒரு கரண்டி சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். போன மாதம் தலைவரானதிலிருந்து நானும் அதைத்தான் செய்கிறேன். எனக்கு முன்னால் நீங்கள் போய்ச் சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுப் பார்த்து, உப்பு போடச் சொல்லிவிட்டு வந்தது எனக்கு எப்படித் தெரியும்? சமையல்கார அஞ்சலை எனக்கென்று முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்திருந்தாள். அதில் உப்பு குறைவாகத்தான் இருந்தது. நானும் போடச் சொன்னேன். அவளும் மறுபடி போட்டாள். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று பிறகு கேட்டதற்கு, "ரெண்டு பேருமே தலைவருதான, நான் யாராண்ட இன்னான்னு சொல்றது" என்கிறாள்.

பிள்ளைகள் முட்டையை மட்டும் தின்று தண்ணீர் குடித்துவிட்டு வகுப்புக்குப் போனதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதவியில் இருப்பவரைத் தவிர வேறு பெற்றோர் சமையல் கூடத்துக்குள் வரக் கூடாது என்று சரசா டீச்சர் சொன்னது அந்தக் கோபத்தில்தான். தலைமையாசிரியர் அவர், நான் என்ன சொல்ல முடியும்? நேற்று வாட்ச்மேன் வேம்புலி உங்களைப் பள்ளி கேட்டில் நிறுத்தினார் என்று கேள்விப்பட்டேன். நான் சொல்லி அவர் நிறுத்தவில்லை. என் மகள் கார்த்திகா மேல் சத்தியம்.

பேசுங்கள் அக்கா.

திவ்யா


11 ஜூலை

மாடியில் குடியிருக்கும் பெற்றோர் கழகத் தலைவர் திருமதி திவ்யா இளங்கோ அவர்களுக்கு,

தங்கள் கடிதம் பால் பாக்கெட்டில் ஒட்டிக்கொண்டு ஈரமாக வந்து சேர்ந்தது. படித்தேன்.

தங்களுக்கு ஞாபகம் இல்லாமல் போயிருக்கலாம், அதனால் சொல்கிறேன். ரவிச்சந்திரன் என்று ஒருவர் அந்த நாற்காலியில் ஒன்பது வருஷம் இருந்தார். அவர் மகன் நம்ம பள்ளியை முடித்து, கல்லூரியை முடித்து, கல்யாணமும் ஆகிவிட்டது. அப்பவும் மனுஷன் எழுந்திருக்கவில்லை. கேட்டால், "நாளைக்கி என் பேரன் இங்கதான் சேரப் போறான், அதுக்குள்ள எறங்கிட்டு மறுபடி எதுக்கு ஏறணும்" என்றார். வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்துப் பொதுக்கூட்டத்தில் புது விதி கொண்டுவந்தது யார்? நான். தலைவர் யாராக இருந்தாலும் தொடர்ந்து இரண்டு வருஷம்தான். அப்புறம் ஒரு வருஷமாவது விட்டுத்தான் மறுபடி நிற்கலாம். அதற்கும் பிள்ளை பள்ளியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில், இது ஒரு நாள் என்னையும் இறக்கிவிடும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

இறங்க வேண்டிய நாள் வந்ததும் தங்களை மாடிப்படியில் உட்கார வைத்து என்ன சொன்னேன்? "ஒரு வருஷம் குந்து திவ்யா, அடுத்த ஜூன்ல நான் வந்துர்றேன்." தாங்களும் தலையாட்டினீர்கள். என் பையன் கோபி இப்போது ஏழாவது. அடுத்த வருஷம் எட்டாவது. அதோடு அவனுக்கும் எனக்கும் அந்தப் பள்ளி முடிந்தது. எனக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு வருஷம்தான்.

நான் என்ன கொள்ளையா அடிக்கப் போனேன்? பழக்கதோஷம், பன்னிரண்டு மணியானால் கால் தானாக அங்கே போகிறது. எனக்கு நாற்காலி எடுத்துப் போட்ட வேம்புலி கையை நீட்டி மறித்து, "யக்கா, உள்ள உடக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்க, நான் இன்னா பண்றது" என்கிறான். கீரை விற்கிறவள் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் பரந்தாமனிடம் சொன்னால், "அந்தப் பொண்ணு நல்லாத்தான் பாத்துக்குது, பேசுனா தெளிவா கீது" என்கிறார். ஜல்லியும் மணலும் விற்கிறவருக்குத் தெளிவைப் பற்றி என்ன தெரியும்?

வயிறு எரிகிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை, எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
ப. கலைவாணி
(கேட்டில் நிறுத்தப்பட்டவர்)


15 ஜூலை

அக்கா,

'தாங்கள்' என்று எழுதி என்னைக் கொல்லாதீர்கள். நாலு திட்டு திட்டியிருந்தால் அன்றைக்கே நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

உங்களுக்கு மட்டும்தான் வயிறு எரிகிறதா? எனக்கு இல்லையா? அஞ்சலையிடம் போனால், "கலைவாணி யக்கா வாயில வெச்ச உடனே புளி எந்தக் கடைதுன்னு சொல்லிடும்" என்பாள். சரசா டீச்சர் தண்ணீர் லாரி வராத ஒவ்வொரு நாளும், "கலைவாணி இருந்திருந்தா இந்நேரம் லாரி வந்திருக்கும்" என்பார். நான் மூன்று நாள் கார்ப்பரேஷன் ஆபீசுக்கு நடந்து, வாசலில் நின்று, லாரியைக் கொண்டுவந்தேன். கொண்டுவந்த அன்றைக்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? "கலைவாணி சொல்லி அனுப்பியிருக்கும்."

இராஜபாளையத்திலிருந்து வந்து நாலு வருஷம் ஆகிறது. அண்ணனூர் ரயில் ஷெட்டில் இவருக்கு வேலை, எனக்கு வீட்டில் டியூஷன், அது போதும் என்றுதான் இருந்தேன். நீங்கள்தான் இழுத்துப் போய் உட்கார வைத்தீர்கள். உட்கார்ந்த பிறகும் எனக்கு அங்கே பெயர் கிடையாது. நான் 'கலைவாணி ஊட்டு மாடில கீற பொண்ணு'. கூட்டத்தில் அறிக்கை படிக்கும்போதுகூட ஒருவர் அப்படித்தான் கூப்பிட்டார். உங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறீர்கள். அதில் இன்னும் நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள், எனக்கு ஓரத்தில் கொஞ்சம் இடம் கொடுத்து.

ஜூனில் இறங்கிவிடுவேன். படியில் தலையாட்டியது ஆட்டியதுதான்.

திவ்யா


16 ஆகஸ்ட்

திவ்யாவுக்கு,

நேற்றுக் கொடியேற்றத்துக்கு வந்திருந்தேன், பார்த்திருப்பாய். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னால், வெயிலில். போன வருஷம் சரசா டீச்சர் பக்கத்தில் நிழலில் நின்றேன். நிழல் அதே இடத்தில்தான் இருந்தது.

நீ கூட்டத்தைச் சனிக்கிழமை காலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயந்திரத்துக்கு மாற்றிவிட்டாய் என்றும், தொழிற்பேட்டையில் வேலை செய்கிற அப்பாக்கள் எல்லாம் வருகிறார்கள் என்றும், நாற்காலி போதாமல் பெஞ்சு எடுத்துப் போட்டார்கள் என்றும் பரந்தாமன் வந்து சொன்னார். நான் இருந்த இரண்டு வருஷமும் கூட்டத்துக்கு வந்த ஆண்பிள்ளைகள் இரண்டே பேர். ரவிச்சந்திரன் சண்டை போட வந்தார். என் வீட்டுக்காரர் நான் கூப்பிட்டதால் வந்தார். சனிக்கிழமை காலையில் யார் வருவார்கள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? இதைத்தான் ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ கெட்டிக்காரியாக இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. ஒரு வருஷம் சும்மா குந்தத்தானே சொன்னேன், இதெல்லாம் செய்யச் சொன்னேனா?

எனக்கும் மிட்டாய் கொடுத்தாய். வரிசையில் எல்லாருக்கும் கொடுத்த மாதிரி. வாங்கிக்கொண்டேன், சாப்பிடவில்லை.

பச்சைப் புடவை உனக்கு நன்றாக இருந்தது. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

கலைவாணி


20 ஜனவரி 2025

திவ்யாவுக்கு,

பொங்கலுக்கு நீ கொடுத்தனுப்பிய சர்க்கரைப் பொங்கலைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம் கேட்டிருந்தாயாம். காரணம் இதோ.

ரேஷ்மாவைக் கடைவீதியில் பார்த்தேன். ஒன்றாம் வகுப்பில் பிள்ளை படிக்கிறதே, முகமது ஆசிக்கின் மனைவி, அந்தப் பெண்தான். பாவம், அதற்கு நம்ம கதை ஒன்றும் தெரியாது. ரொம்ப சந்தோஷமாகச் சொன்னது: "திவ்யா அக்காவே இன்னொரு வருஷம் இருக்கட்டும்னு எல்லாரும் சொல்றாங்க ஆன்ட்டி, விதியிலயும் இடம் இருக்காமே." ஆமாம், இடம் இருக்கிறது. அந்த விதியை எழுதியவளிடமே வந்து சொல்கிறது. நீ என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன். "சிரிச்சாங்க" என்றது.

சிரித்தாயா திவ்யா? கோபிக்கு இருப்பது ஒரே ஒரு வருஷம் என்று தெரிந்தும் சிரித்தாயா? உனக்குக் கார்த்திகா மூன்றாவதுதான் படிக்கிறாள். இன்னும் எத்தனையோ ஜூன் வரும் உனக்கு.

என் தம்பி எழில் குடும்பத்தோடு இங்கே வரப்போகிறான். ஜூனுக்குள் மாடியைக் காலி செய்து கொடு. எந்த இடத்திலும் யாரும் ரொம்ப நாள் இருக்கக் கூடாது என்பது என் கொள்கை. உனக்குத்தான் தெரியுமே.

கலைவாணி


22 ஜனவரி

அக்கா,

உங்கள் தம்பி எழில் கும்மிடிப்பூண்டியில் வீடு கட்டிப் போன வருஷம் கிரகப்பிரவேசம் செய்தார். நீங்களும் நானும் ஒரே வேனில் போய்ப் பாயசம் குடித்துவிட்டு வந்தோம். பொய் சொல்வதானால் எனக்குத் தெரியாத தம்பியாகப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

ஆமாம், சிரித்தேன். இருக்கச் சொல்லி என்னை யாரும் எங்கேயும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவியாகக்கூட என்னை வைத்ததில்லை. புகுந்த வீட்டில் பந்திக்குக் கடைசியில்தான் என்னைக் கூப்பிடுவார்கள். இப்போது ஒரு கூட்டமே, 'நீயே இரு' என்கிறது. சிரிப்பு வராதா? அந்த நாற்காலி எனக்கும் பிடித்துவிட்டது அக்கா. உங்களுக்கு மட்டும்தான் அது பிடிக்க வேண்டுமா?

ஜூனில் நிற்பேனா மாட்டேனா என்று இப்போது சொல்லப் போவதில்லை. கோபமாக இருக்கிறேன், கோபத்தில் எதையும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. முகப்பேரில் ஒரு வீடு இருப்பதாக இவருடைய நண்பர் சொல்கிறார். அங்கே போனால் கார்த்திகாவை வேறு பள்ளியில் சேர்க்க வேண்டும். பிள்ளை இல்லாத பள்ளிக்கு நான் எப்படித் தலைவராக இருப்பது? உங்கள் விதியே உங்களுக்கு வழி விட்டுவிடும். சந்தோஷம்தானே?

திவ்யா


3 மார்ச்

திவ்யாவுக்கு,

நேற்று நீங்கள் இரண்டு பேரும் முகப்பேருக்குப் போய் வீடு பார்த்துவிட்டு வந்ததாகப் பரந்தாமன் சொன்னார். அந்தத் தெருவில் என் நாத்தனார் இருந்திருக்கிறாள். குழாயில் வருகிற தண்ணீர் கடல் தண்ணீர் மாதிரி இருக்கும், தலைமுடி கொட்டிப்போகும். தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளாதே.

எழில் வருவது இப்போதைக்கு இல்லை.

ஜனவரியில் உன் கடிதம் வந்தபோதே, நீ போய்விட்டால் நாற்காலி எனக்குத்தான் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்றாவது நாள் மாடியில் உன் காலடிச் சத்தம் கேட்கவில்லை, ஊருக்குப் போயிருந்தீர்கள் போலிருக்கிறது. டி.வி.யை எவ்வளவு சத்தமாக வைத்தாலும் வீடு வெறிச்சென்று கிடந்தது.

இதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே. பொறாமை போகவில்லை, அப்படியேதான் இருக்கிறது.

கலைவாணி


16 ஜூன் 2025

அக்கா,

மார்ச்சில் நீங்கள் எழுதியதற்கு நான் பதில் எழுதவில்லை. முகப்பேருக்கும் போகவில்லை. நேற்றுக் கூட்டத்தில் பதில் சொல்லலாம், அதுவரை யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று வைத்திருந்தேன். அதுதான் தப்பாகிவிட்டது.

சரசா டீச்சர், "இந்த வருஷத் தலைவர் யாரு" என்று கேட்டவுடன் எழுந்தேன். "எனக்கு வேண்டாம், கலைவாணி அக்கா வரட்டும்" என்று சொல்லி வாயை மூடவில்லை, பின்வரிசையில் நீங்கள் எழுந்து, "எனுக்கு வாணாம், திவ்யாவே இருக்கட்டும்" என்கிறீர்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் முடியாது என்றேன். நீங்கள் என்னைவிடப் பலமாக முடியாது என்றீர்கள். நானும் விடவில்லை. கூட்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஞாபகம் இருக்கிறதா, அப்போதுதான் ரவிச்சந்திரன் ஐயா வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "அப்பன்னா நானு..." என்று எழுந்தார்.

அவர் எழுந்ததைப் பார்த்த பயத்தில்தான் டீச்சர் முன்வரிசையில் இருந்த ரேஷ்மாவைப் பிடித்து, "நீ நிக்கிறியாம்மா" என்று கேட்டார். மண்டபம் முழுக்கக் கை தூக்கியது. உங்கள் வீட்டுக்காரரும் தூக்கினார், பார்த்தேன். என் வீட்டுக்காரரும்தான்.

சாம்பாரில் இரண்டு தடவை உப்பு விழுந்த கதைதான். அன்றைக்கும் நாம் பேசிக்கொள்ளவில்லை, நேற்றும் பேசிக்கொள்ளவில்லை.

எனக்கு இன்னும் எத்தனையோ ஜூன் வரும் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். உங்களுக்கு அது கடைசி. தெரிந்தும் ஏன் அக்கா அப்படிச் செய்தீர்கள்?

திவ்யா


19 ஜூன்

திவ்யா,

ஏன் செய்தேன் என்று கேட்கிறாய். நல்ல மனசு என்று நினைத்துவிடாதே. நீ எனக்கு விட்டுக்கொடுப்பாய் என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். விட்டுக்கொடுத்தால் ஊரே உன்னை மெச்சும். "எவ்ளோ பெரிய மனசு பாரு அந்தப் பொண்ணுக்கு" என்று அஞ்சலை வருஷம் முழுக்கச் சொல்வாள். உன் தயவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அதையும் கேட்டுக்கொண்டு இருக்க என்னால் முடியாது. அதனால் உனக்கு முன்னால் நானே விட்டுக்கொடுத்துவிட வேண்டும் என்று வீட்டிலிருந்தே தீர்மானம் செய்துகொண்டு வந்தேன். அதிலும் நீ முந்திக்கொண்டாய்.

வீட்டுக்கு வந்து அழுதேன். கோபி, "போனாப் போது உடும்மா, நான்தான் இன்னும் ஒரு வருஷம் அங்க கீறேனே" என்றான். அவனுக்கு என்ன தெரியும்? அந்தப் பள்ளிக்குள் நுழைந்தால் நான் யாருடைய மனைவியும் இல்லை, யாருடைய அம்மாவும் இல்லை, கலைவாணி. இனிமேல் அந்த இடம் எனக்கு இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மத்தியானம் பள்ளிச் சுவர் ஓரமாகக் கீரை வாங்குகிறவள் மாதிரி நின்றேன். ரேஷ்மா வந்தது. அஞ்சலை ஒரு கரண்டி எடுத்து நீட்டினாள். நானாக இருந்தால் நின்றபடியே வாயில் போட்டு, உப்பு, புளி, காரம் என்று சொல்லிவிட்டுக் கை கழுவியிருப்பேன். நீயும் அப்படித்தான், நான் சொல்லிக் கொடுத்தது அதுதானே. அந்தப் பெண் என்ன செய்தது தெரியுமா? தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் வராந்தாவில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தது. அவர்களுக்குப் போட்டதையே தனக்கும் போடச் சொல்லி, தட்டு முழுக்கச் சாப்பிட்டது. பக்கத்திலிருந்த குட்டி ஒன்று தன் முட்டையில் பாதியைக் கிள்ளி அதற்குக் கொடுத்தது.

நான் இருந்த இரண்டு வருஷத்தில் எனக்கு ஒரு பிள்ளையும் முட்டை கொடுக்கவில்லை. உனக்கு யாராவது கொடுத்தார்களா? கொடுத்திருக்க மாட்டார்கள். கொடுத்திருந்தால் நீ எழுதியிருப்பாய்.

எதிரே ஜெராக்ஸ் கடையில் நீ நின்றதையும் பார்த்தேன். கையில் ஒரு தாளும் இல்லை.

இதைத் தனியாகத் தாங்க முடியவில்லை திவ்யா. பரந்தாமனிடம் சொன்னால், "நல்ல பொண்ணு" என்று ஆரம்பித்துவிடுவார். என் அளவுக்கு எரிச்சல்படத் தெரிந்த ஆள் இந்த ஊரில் நீ ஒருத்திதான். என் வீட்டு மாடிக்கு வருஷக் கணக்கு எதுவும் கிடையாது, இருக்கிறவரைக்கும் இரு.

பால் பையில் இனிமேல் ஒன்றும் போடாதே. டி.வி.யை அணைத்துவிட்டேன். தோசை மாவு இருக்கிறது, கீழே வா.

அக்கா